ஈழத்துப் பொப்பிசையில் நகைச்சுவை

ஈழத்துப் பொப்பிசை என்பது 1960களின் பிற்பகுதியில் இலங்கைத் தமிழரிடையே தோன்றிய துள்ளிசை வகை. தமிழ்நாட்டில் 'பாப்' என்று எழுதப்படுவது இலங்கையில் 'பொப்' என எழுதப்படும். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகிய இருவரும் இவ்வகையில் மிகுதியாக அறியப்பட்ட பாடகர்கள்.

இதன் தாளம் பைலாவிலிருந்து வந்தது. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கீசரும், ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் அங்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரும் விட்டுச்சென்ற ஆட்டப் பாட்டு பைலா. 1940களில் வொலி பஸ்தியன் அதைச் சிங்களத்தில் பரவலாக்கினார். 1960களின் நடுவில் கிளாரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்டோன்ஸ் குழு சிங்களப் பொப்பிசையை இளைஞரிடம் கொண்டுசென்றது. தமிழ்ப் பாடகர்கள் அதே துள்ளலை எடுத்துக்கொண்டனர்; சொற்களை மட்டும் தங்கள் வீட்டு முற்றத்திலிருந்து எடுத்தனர்.

யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் வேளாண்மை படித்தவர். கிட்டார் இசைத்துப் பாடியவர். அவருடைய 'சின்ன மாமியே' பாடலில் ஓர் இளைஞன் மாமியிடம் அவர் மகளைப் பற்றி விசாரிக்கிறான். மாமி மகள் முறைப்பெண் என்பதால் கேள்வியில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. ஆனாலும் நேரே மாமியிடமே கேட்கும் துணிச்சலில்தான் சிரிப்பு இருக்கிறது. 'லண்டன் மாப்பிள்ளை' வெளிநாட்டுப் பகட்டைக் கிண்டல் செய்கிறது. 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' குடிக்கு எதிரான அறிவுரை; ஆனால் குடித்தவரும் எழுந்து ஆடக்கூடிய மெட்டு. அறிவுரைப் பாடல்களில் இதைவிடச் சாமர்த்தியமானது அரிது.

நகைச்சுவையும் எளிய மெட்டும் இணைந்த இசைக்கு மேற்கில் பொப் பங்க் ஒரு பிற்கால எடுத்துக்காட்டு. 1992இல் கலிபோர்னியாவில் உருவான பிளிங்க்-182 குழு, 'ஆல் தி ஸ்மால் திங்ஸ்' பாடலின் காணொளியில் அன்றைய அழகுப் பையன் பாடகர் குழுக்களை நையாண்டி செய்தது. அந்தக் கேலி இசை உலகுக்குள் நடப்பது. ஈழத்துக் கேலியோ உறவுமுறையையும் ஊர்ப் பெருமையையும் தொட்டது. அதனால்தான் பேச்சுத் தமிழ் அதற்கு இன்றியமையாததாயிற்று. பாடகர் தம் ஊர் வழக்கில் பாடாவிட்டால் கிண்டல் பாதியாகிவிடும்.

1970களில் இலங்கை அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது தென்னிந்திய வணிக இதழ்களின் வரவும் குறைந்தது. உள்ளூர்க் கலைகளுக்கு ஊக்கம் கிடைத்த காலம் அது. பொப்பிசை மேடைகளும் வானொலியும் அப்போது உச்சத்தில் இருந்தன. 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' எனப்பட்ட மனோகரன், மீனைப் பற்றிய 'சுராங்கனி'யைச் சிங்களமும் தமிழும் கலந்து பாடித் தமிழ்நாட்டிலும் புகழ்பெற்றார். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் அது திரைப்பாடலும் ஆயிற்று. பின்னர் மனோகரன் 'சிலோன் மனோகர்' என்ற பெயரில் தமிழ்ப் படங்களில் நடித்தார். 2018 ஜனவரி 22 அன்று சென்னையில், 73ஆம் வயதில் காலமானார்.

திரையில் தெரிந்த முகம் என்பதால் தமிழ்நாட்டில் ஈழத்துப் பொப் பாடல் எதுவானாலும் மனோகரனுடையதாகவே கருதப்படுவதுண்டு. 'சின்ன மாமியே'யும் அப்படி அவர் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அதை எழுதிப் பாடிய நித்தி கனகரத்தினம் பின்னாளில் ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் குடியேறினார்.