திருப்பரங்குன்றத்து ஷஹீதுகள்: மரபும் வரலாறும்

போரில் பட்டோர்க்குக் கல் நட்டுப் பெயர் பொறித்துப் போற்றுதல் தமிழர்தம் தொன்மையான மரபாகும். காட்சி முதல் வாழ்த்து ஈறாக நடுகல் எடுத்தலின் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுத்துரைக்கின்றது. வைகைக் கரையில், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்கள் அம்மரபு ஈராயிரம் ஆண்டுகட்கும் முற்பட்டது என்பதை மெய்ப்பித்தன. அவற்றுள் ஒன்று, ஆகோள் பூசலில் பட்ட ஒருவனை நினைவுகூர்கின்றது. அவன் கோலோச்சிய வேந்தனல்லன். ஆயினும் அவன் பெயர் இன்றும் நிற்கின்றது.

அதே வைகை நாட்டில், மதுரைக்குத் தென்மேற்கே, திருப்பரங்குன்றத்தின் உச்சியில் மற்றுமொரு வீரர் துயில்கின்றார். மக்கள் அவரைச் சிக்கந்தர் பாதுஷா என்பர். அவரோடு சார்த்தி எண்ணப்படும் ஷஹீதுகளின் அடக்கத்தலங்கள் மதுரை முதல் இராமநாதபுரக் கடற்கரை வரை பரவிக் கிடக்கின்றன. இவர்கள் யாவர்? எக்காலத்தவர்? இவர்களைப் பற்றி மரபு உரைப்பது யாது? வரலாறு ஒப்புவது யாது? இவ்வினாக்களை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஷஹீது என்னும் சொல்

‘ஷஹீது’ என்னும் அரபுச் சொல்லின் வேர்ப்பொருள் ‘சான்று பகர்பவர்’ என்பது. தாம் ஏற்ற கொள்கைக்குத் தம் உயிரையே சான்றாக வைத்தவர் என்னும் கருத்தில், அறப்போரில் உயிர் நீத்தோரை இச்சொல் குறிக்கலாயிற்று. இஸ்லாமிய வரலாற்றில் இச்சொல்லுக்கு முழுப் பொருள் கிடைத்த களம் உஹது ஆகும். ஹிஜ்ரி 3இல் (கி.பி. 625) நிகழ்ந்த அப்போரில் நபித்தோழர் எழுபதின்மர் வீழ்ந்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையார் ஹம்ஸா (ரலி) அவர்களும் அவர்களுள் ஒருவர். தோழமையும் உறவும் ஒருங்கே மண்ணில் சாய்ந்த நாள் அது.

அன்று கைக்கொள்ளப்பட்ட நெறியொன்று ஈண்டு நாம் கருதத்தக்கது. வீழ்ந்தோரைச் சிலர் தம் ஊருக்கு எடுத்துச் செல்ல முயன்றபோது, அவரவர் பட்ட இடத்திலேயே அடக்குமாறு நபிகளார் பணித்தார்கள். குளிப்பாட்டாமல், குருதி தோய்ந்த ஆடையுடனேயே, ஒரு குழியில் இருவர் மூவராகவும் அவர்கள் அடக்கம் செய்யப்பட்டனர். ஷஹீதுகளின் கல்லறைகள் ஊர்ப் பொது மையவாடியில் அமையாமல் காட்டிலும் கரையிலும் குன்றிலும் தனித்துக் காணப்படுவதற்குரிய காரணம் இந்நெறியால் விளங்கும். பட்ட இடமே அவர்தம் கல்லறை. அவ்விடமே அவர் கதைக்குச் சான்று.

ஹிஜ்ரி 61 முஹர்ரம் 10இல் (கி.பி. 680) கர்பலாவில் நிகழ்ந்தது இந்நினைவை மேலும் ஆழப்படுத்தியது. இமாம் ஹுசைன் (ரலி) அவர்கள் தம் தோழர்களையும், தமையன் மகன் காசிமையும், தம்பி அப்பாஸையும், மகன் அலீ அக்பரையும் இழந்து இறுதியில் தாமும் உயிர் துறந்தார்கள். அவர்களோடு பட்டோர் எழுபத்திருவர் என்பது வழிவழிச் செய்தி. தலைவன் ஒருவன் தன் சுற்றத்தார் ஒவ்வொருவரையும் கண்ணெதிரே இழந்து, பின்னர்த் தான் வீழும் இவ்வமைப்பு, பிற்கால ஷஹீது வரலாறுகள் பலவற்றுக்கும் வார்ப்பாக அமைந்தது.

இந்நிகழ்ச்சிகளைத் தமிழ் இலக்கியமும் தனதாக்கிக் கொண்டது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் பத்ர், உஹதுப் போர்களை ஹிஜ்றத்துக் காண்டத்தில் பாடுகின்றது. பரணியின் சாயல் பெற்றுப் ‘படைப்போர்’ எனும் தனி இலக்கிய வகையே தோன்றிற்று. வரிசை முகியித்தீன் புலவரின் சக்கூன் படைப்போர் (1686) அவ்வகையில் பெயர் பெற்றது.

ஏர்வாடி மரபு

தமிழகத்தில் இவ்வார்ப்பில் அமைந்த பெருங்கதை ஏர்வாடி சுல்தான் செய்யிது இபுறாகீம் ஷஹீது அவர்களுடையதாகும். மதீனாவிலிருந்து தம் உறவினரோடும் படைத்தலைவரோடும் பாண்டிய நாட்டுக் கடற்கரையில் வந்திறங்கி, பவுத்திரமாணிக்கப்பட்டினத்தை நிலைக்களனாகக் கொண்டு, விக்கிரம பாண்டியனோடு அவர்கள் பொருதனர் என்று மரபு கூறும். தொடக்கத்தில் வெற்றி கிட்டியது. நாட்கள் செல்லச் செல்லத் தோழர் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். இளமைப் பருவத்து மகன் செய்யிது அபூதாஹிரும் களம்பட்டார். இறுதியில் தலைவரும் ஷஹீதாயினார். தந்தை, மகன் இருவரின் அடக்கத்தலங்களும் ஏர்வாடியில் உள்ளன. மீசல் வண்ணக்களஞ்சியப் புலவர் இவ்வரலாற்றைத் ‘தீன் விளக்கம்’ என்னும் காப்பியமாகப் பாடினார்.

மரபு சுட்டும் காலம் கி.பி. 12ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி. அக்காலத்தே பாண்டிய நாடு தாயாதிப் போரால் சிதைந்திருந்தது என்பதை வரலாறு நன்கறியும். ஒருபால் ஈழப்படையும் மறுபால் சோழப்படையும் புகுந்து போரிட்டன. மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) வீரபாண்டியனை வென்று விக்கிரம பாண்டியனை அரியணை ஏற்றினான். ஆகவே, மரபு கூறும் பாண்டியன் பெயரும் காலமும் பொருந்துகின்றன. எனினும், அரபுப் படையொன்றுடன் நிகழ்ந்த போரை இதுகாறும் வெளிவந்துள்ள பாண்டியர் கல்வெட்டுகள் நேராகக் குறிப்பிடவில்லை. இவ்விரண்டையும் ஒருசேர மனத்திற் கொள்ளுதலே ஆய்வு நெறியாகும்.

இம்மரபின்படி, சிக்கந்தர் பாதுஷா ஏர்வாடிப் பெருமகனாரின் படைத்தலைவருள் ஒருவர். மதுரை ஆட்சிப் பொறுப்பு அவர்பால் ஒப்படைக்கப்பட்டது. பாண்டியர் மீண்டும் வலிமை பெற்றபோது தம்மைச் சார்ந்தோருடன் திருப்பரங்குன்றத்தின்மேல் ஏறி, அங்கேயே உயிர் நீத்தார்.

நாணயங்கள் காட்டும் சிக்கந்தர்

வரலாற்றாசிரியர் பலர் சுட்டும் சிக்கந்தர் வேறொருவர். கி.பி. 1335இல் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா தில்லியின் மேலாட்சியை உதறி மதுரையில் தனியாட்சி நிறுவினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நிலைத்த அவ்வரசின் கடைசி மன்னர் அலாவுத்தீன் சிக்கந்தர் ஷா. அவர் பெயர் பொறித்த காசுகள் ஹிஜ்ரி 779 (கி.பி. 1377–78) வரை கிடைக்கின்றன. விசயநகர இளவரசர் குமார கம்பணர் தெற்கே படையெடுத்து மதுரைச் சுல்தானைக் கொன்றதை அவர்தம் தேவியார் கங்காதேவி இயற்றிய ‘மதுரா விஜயம்’ என்னும் வடமொழிக் காப்பியம் பாடுகின்றது. கம்பணரின் மதுரை வெற்றி 1371ஐ ஒட்டியது எனக் கொள்ளப்படுவதால், காசுகளின் ஆண்டும் காப்பியச் செய்தியும் எவ்வாறு இயையும் என்பது அறிஞரிடையே விவாதத்திற்குரியதாயிற்று. மதுரையை இழந்த பின்னரும் சுல்தான் அண்மையில் எங்கோ சில ஆண்டுகள் எதிர்த்து நின்றிருத்தல் கூடும் என்பது ஒரு விளக்கம். அவ்விடம் திருப்பரங்குன்றமே என்பதும், அங்கு வீழ்ந்தவர் அவரே என்பதும் அவ்விளக்கத்தின் தொடர்ச்சி.

மதுரைச் சுல்தான்கள் எத்தகையோர் என்பதை அறிய நமக்குக் கிட்டிய கண்ணுற்ற சான்று இப்னு பதூதாவின் பயண நூலாகும். அஹ்சன் ஷாவின் மகள் ஒருவரை மணந்திருந்த அவர், மைத்துனர் முறையினரான கியாதுத்தீன் ஆட்சியில் மதுரைக்கு வந்தார். உறவினர் என்பதால் அவர் எதனையும் மறைக்கவில்லை. உதௌஜி என்னும் சுல்தான் வெற்றி பெற்ற களத்தில் தண்ணீர் அருந்தத் தலைக்கவசம் களைந்தபோது எங்கிருந்தோ வந்த அம்பொன்றால் மாண்டார் என்றும், அவர் மருகர் குத்புத்தீன் நாற்பதே நாளில் கொல்லப்பட்டார் என்றும் அவர் எழுதுகின்றார். கியாதுத்தீன் சிறைப்பட்டோர்க்கு இழைத்த கொடுமைகளை வெளிப்படையாகவே கண்டித்துள்ளார். மதுரையில் கொள்ளைநோய் பரவியபோது அச்சுல்தானின் தாயும் மனைவியும் ஒரே மகனும் மாண்டனர். விரைவில் அவரும் மறைந்தார்.

மற்றொரு செய்தியும் இங்கே எண்ணத்தக்கது. கியாதுத்தீனை எதிர்த்த போசள மன்னர் மூன்றாம் வீரவல்லாளரின் படையில் இருபதினாயிரம் முஸ்லிம்கள் இருந்தனர் என்கிறார் இப்னு பதூதா. அதற்கு முன்னரே, மாறவர்மன் குலசேகர பாண்டியன் அவையில் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் அமைச்சராய் வீற்றிருந்தார். குதிரை ஒன்றுக்கு 220 பொற்காசு வீதம் பாரசீக வளைகுடாவிலிருந்து பாண்டிய நாட்டுக்குக் குதிரைகள் வந்தன என்று வஸ்ஸாஃப் எழுதியுள்ளார். எனவே அக்காலப் போர்களை மதத்திற்கும் மதத்திற்கும் நிகழ்ந்தவை எனக் கருதுதல் சான்றுகளோடு ஒவ்வாது. அரசுரிமைக்கும் வணிகத்துக்கும் நிலத்துக்கும் நிகழ்ந்தவை அவை. இருபுறத்தும் இரு சமயத்தாரும் நின்றனர், இருபுறத்தும் மாண்டனர்.

இரு சிக்கந்தர்: எவர் மெய்?

பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தோழர் ஒருவர். பதினான்காம் நூற்றாண்டு மன்னர் ஒருவர். பெயர் ஒன்று, இடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள். குன்றின்மேல் துயில்பவர் இவருள் எவர்? காசு, காப்பியம் ஆகிய இரண்டும் பதினான்காம் நூற்றாண்டு மன்னரைச் சுட்டுகின்றன. வழிவழிச் செய்தியும் வழிபாட்டு நினைவும் ஏர்வாடித் தோழரைச் சுட்டுகின்றன. மக்கள் நினைவு காலத்தைக் கணக்கிட்டு நடப்பதன்று. தனித்தனியே மாண்ட வீரர் பலரையும் ஒரு பெருந்தலைவரின் சுற்றமாகக் கோத்துக் காட்டுவது அதன் இயல்பு. அரசு வீழ்ந்து, வழித்தோன்றல் இன்றி, பாடுவார் இன்றிப் போன மன்னர் ஒருவரை ஏர்வாடிக் குடும்பம் தன்னுள் ஏற்றுக்கொண்டிருத்தல் கூடும் என்பது எம் கருத்து. இதனை மரபைப் பழித்தலாகக் கொள்ளற்க. ஆதரவற்றுப் பட்ட ஒருவருக்கு உறவும் தோழமையும் தந்தது மரபு. அவருக்குக் காலமும் பெயரும் தருவது வரலாறு.

மதுரையின் பிற சான்றுகள்

வைகையின் வடகரையிலுள்ள கோரிப்பாளையம் என்னும் பெயரிலேயே வரலாறு உறைகின்றது. ‘கோர்’ என்பது கல்லறையைக் குறிக்கும் பாரசீகச் சொல். அங்கே அலாவுத்தீன், ஷம்சுத்தீன் என்னும் பாதுஷாக்கள் அடங்கியுள்ளனர். அத்தர்காவுக்குரிய ஊர்கள் கூன்பாண்டியன் காலத்தில் 14,000 பொன்னுக்குப் பெறப்பட்டவை என்பதை ஏற்று, வீரப்ப நாயக்கர் 1573இல் அவ்வுரிமையை உறுதி செய்ததைக் கல்வெட்டு அறிவிக்கின்றது. சேதுபதி மன்னர்களும் ஏர்வாடிக்கு நிலக்கொடை ஈந்தனர். வென்ற அரசர்தம் வழிவந்தோரே வீழ்ந்தோரின் கல்லறைகளைப் பேணினர் என்பது தமிழக வரலாற்றின் மாண்புகளுள் ஒன்றாகும்.

திருப்பரங்குன்றமோ பல சமயங்களின் சந்திப்பு. குகைத்தளத்தில் சமண முனிவர்தம் கற்படுக்கைகளும் தமிழி எழுத்துகளும் உள்ளன. முருகனின் அறுபடை வீடுகளுள் முதலாவது இது. இங்குள்ள குடைவரை கி.பி. 773இல் சாத்தன் கணபதி என்பாரால் திருப்பணி செய்யப்பெற்றது, உச்சியில் தர்கா. இம்மலையின் உரிமை பற்றி எழுந்த வழக்கில் 1923இல் மதுரைச் சார்பு நீதிமன்றம் மலையைத் தேவஸ்தானத்துக்கும், பள்ளிவாசல் அமைந்த பாறை, கொடிமரம், நெல்லித்தோப்பு, படிக்கட்டுகள் ஆகியவற்றை முஸ்லிம்களுக்கும் உரியனவாகத் தீர்ப்பளித்தது. 1931இல் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை நிலைநாட்டியது. 2025ஆம் ஆண்டில் மலையின் வழிபாட்டு முறைகள் குறித்த வழக்குகள் மீண்டும் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தன. சட்டம் தீர்க்க வேண்டியதைச் சட்டம் தீர்க்கும். ஆயின், கல்லறையின் வரலாற்றை வழக்கின் தேவைக்கேற்ப நீட்டவோ குறுக்கவோ எத்தரப்பாரும் முற்படலாகாது. மாண்டவர் மறுமொழி கூற இயலாதவர். அவர் சார்பில் பேசுவோர்க்கு வாய்மை இரட்டிப்புக் கடமையாகும்.

நம் பணி

ஏர்வாடித் தலைவரின் பெயர் காப்பியம் ஏறியது. சிக்கந்தர் பெயரைக் குன்று காத்தது. ஆனால் அவர்களோடு பட்ட குதிரை வீரர், ஏவலர், உறவினர் பலர் பெயரின்றிக் கிடக்கின்றனர். சிற்றூர்களில் வேலியோரத்தும் கண்மாய்க் கரையிலும் பச்சைத்துணி போர்த்திய கல்லறைகளை இன்றும் காண்கிறோம். அவற்றுக்குரிய பெயரும் கதையும் அவ்வூர் முதியோர் நாவில் மட்டுமே வாழ்கின்றன. விளக்கேற்றுவோர் முஸ்லிம்கள் மட்டுமல்லர். அவ்வூர்க் குடிமக்கள் அனைவருமே.

தமிழ்த்துறை மாணவர் தத்தம் ஊர்களில் இவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். கூறுவோர் சொல்லை அவர்தம் சொல்லாகவே எழுதுக. கல்லில் எழுத்திருப்பின் படியெடுக்க. மரபு எது, சான்று எது எனப் பிரித்துக் காட்டுக. இரண்டையும் கலந்து மூன்றாவதொன்றைப் புனையற்க. நடுகல்லில் பெயரும் ஊரும் பொறித்த நம் முன்னோர் செய்ததும் இதுவே. பட்டோர் மறக்கப்படலாகாது என்பதில் உஹதும் புலிமான்கோம்பையும் உடன்படுகின்றன. அவ்வுடன்பாட்டின் மேல் நின்று நாம் எழுதினால், குன்றின்மேல் உள்ள கல்லறை எவரையும் பிரிக்காது. நம் அனைவர்க்கும் பொதுவான வரலாற்றின் ஓர் ஏடாக நிலைபெறும்.