கப்பல் எண்ணுக்குள் ஒரு காவலாளி

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு வரும் பெரிய சரக்குக் கப்பல்கள் ஒவ்வொன்றின் உடலிலும் ஏழு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். கப்பலின் பெயரும் கொடியும் உரிமையாளரும் மாறலாம். கப்பல் உடைக்கப்படும் வரை அந்த எண் மாறாது. சர்வதேச கடல்சார் அமைப்பு 1987-இல் அறிமுகப்படுத்திய இம்முறை, 1996 முதல் கட்டாயமானது.

கணக்கில் ஆர்வமுள்ளவன் என்ற முறையில், நான் அந்த எண்ணில் முதலில் பார்ப்பது கடைசி இலக்கத்தைத்தான். அது வெறும் வரிசை எண்ணின் பகுதியன்று. முன்னுள்ள ஆறு இலக்கங்களைக் காக்கும் காவலாளி.

2025 மே மாதம் கொச்சி அருகே கடலில் மூழ்கிய 'எம்.எஸ்.சி. எல்சா 3' கப்பலின் எண் 9123221. இதன் முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கினால் 63, 6, 10, 12, 6, 4 கிடைக்கும். கூட்டுத்தொகை 101. அது 1-இல் முடிகிறது. கப்பல் எண்ணும் 1-இல் முடிகிறது. எழுத்தர் ஒருவர் கைதவறி முதலிரு இலக்கங்களை இடம் மாற்றி 1923221 என்று பதிந்தால், கூட்டுத்தொகை 93 ஆகிவிடும். கடைசி இலக்கம் 3 ஆக இல்லாததால் பிழை உடனே வெளிப்பட்டுவிடும்.

ஆனால், இந்தக் காவலாளிக்கும் கண் மறைவான இடம் உண்டு. மூன்றாம் இலக்கமான 2-ஐ 4 என்று தவறாக எழுதிப் பாருங்கள். 9143221-க்குக் கூட்டுத்தொகை 111. அதுவும் 1-இல்தான் முடிகிறது. பிழை தப்பிவிடுகிறது! மூன்றாம் இலக்கம் 5-ஆல் பெருக்கப்படுகிறது. 5-ஐ எந்த இரட்டைப்படை எண்ணால் பெருக்கினாலும் 10-இன் மடங்கே வரும்; எனவே கடைசி இலக்கம் அசைவதில்லை. 10 பகா எண்ணாக இல்லாததன் விளைவு இது.

சரக்குப் பெட்டகங்களின் எண்ணுக்கு 11 என்ற பகா எண்ணால் வகுக்கும் முறை கையாளப்படுகிறது. ஓர் இலக்கம் மாறினாலும் மீதி மாறிவிடும். ஆயினும், மீதி 10 வந்தால் அதையும் 0 என்றே எழுதுவதால் அங்கும் சிறு ஓட்டை எஞ்சுகிறது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. எல்சா 3 கப்பலில் இருந்த 640 பெட்டகங்களில் 13 பெட்டகங்கள் அபாயகரமான சரக்கைச் சுமந்தவை. கரையொதுங்கும் பெட்டகத்துக்குள் இருப்பது என்ன, மீனவர்கள் அதை நெருங்கலாமா என்பதற்கு விடை தேட, அதன் மேலுள்ள எண்ணே முதல் துப்பு. அந்த எண் தவறினால் விடையும் தவறும்.

முத்துக் குளித்த இக்கரையில், துளையிட்ட கிண்ணங்களில் முத்துகளைச் சலித்து அளவு பிரித்தார்கள். சல்லடை அளவைச் சொல்லும். முத்தின் ஒளியைக் கண்தான் பார்க்க வேண்டும். அதுபோல, கணக்குப் பொருந்தும் எண் பிழையற்றதாக இருக்கக்கூடும் என்பதே பொருள், உண்மையானது என்பதன்று. கணினி ஏற்றுக்கொண்ட பிறகும், ஆவணத்தையும் பெட்டகத்தையும் ஒருமுறை நேரில் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் துறைமுகங்களில் கைவிடப்படக் கூடாது.