மறைக்கும் வர்ணமும் காட்டும் வர்ணமும்

நல்லவாட்டுக் கடற்கரைக்குச் சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை காற்று வாங்கப் போயிருந்தோம். படகுகள் ஏற்றி வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜீப் நின்றது. அதன் மட்கார்டுகளும் பக்கக் கண்ணாடிக் கூடுகளும் பச்சை, பழுப்பு, கறுப்புத் திட்டுகளாகக் காட்சியளித்தன. வண்டிக்குச் சொந்தக்காரர் நம்மிடம் முன்பு வாசித்த மாணவர்.

"ராணுவ வண்டி மாதிரி இல்லையா, ஸார்? அடுத்த மாதம் வண்டி முழுவதையும் இப்படியே செய்துவிடப் போகிறேன்" என்றார் உற்சாகத்துடன்.

"அவசரப்படாதே, தம்பி" என்றோம். ஏன் அப்படிச் சொன்னோம் என்பதை நேயர்களுக்கும் விளக்குவது நலம்.

உருமறைப்பு மனிதன் கண்டுபிடித்த தந்திரமல்ல. வலையில் விழும் கானாங்கெளுத்தியைப் பாருங்கள். முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. மேலிருந்து நோக்கினால் ஆழ்கடலின் இருளோடும், கீழிருந்து நோக்கினால் வானத்தின் ஒளியோடும் கலந்துவிடுகிறது. இந்த இரகசியத்தை 1896-ம் வருஷத்தில் விளக்கி எழுதியவர் அமெரிக்க ஓவியரான அபட் தாயர்.

சேனைகள் இப்பாடத்தைக் கற்றது தாமதமாகத்தான். 1914-ம் வருஷம் யுத்தத்துக்குப் புறப்பட்ட பிரெஞ்சுச் சிப்பாய்கள் சிவப்புக் காற்சட்டை அணிந்திருந்தார்கள்! எதிரியின் குறி தவறுமா? அந்த மகா யுத்தத்தில் மாண்டவர்களுக்காக எழுப்பிய நினைவுச் சின்னம் இன்றும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நிற்கிறது. 1915-ம் வருஷத்தில் பிரெஞ்சு ராணுவம், கிராந்த் தெ ஸெவோலா என்ற ஓவியரின் தலைமையில் உருமறைப்புக்கென்றே ஒரு பிரிவை அமைத்தது. ஓவியர்களும் நாடகத் திரை எழுதுவோரும் பீரங்கிகளுக்கு வர்ணம் தீட்டினார்கள். நிறம் ஒத்திருந்தால் மட்டும் போதாது; உருவத்தின் விளிம்பு கலைய வேண்டும். கோணல் மாணலான திட்டுகளின் பயன் அதுதான்.

நமது மாணவர் செய்தது நவீன முறை. பாகத்தைக் கழற்றி, துருவையும் உப்பையும் அகற்றி, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமரும் அடிநிறமும் பூசுகிறார்கள். பிறகு ஏறக்குறைய முப்பது டிகிரி வெப்பமுள்ள நீர்த்தொட்டியில், சித்திரம் அச்சிட்ட பாலிவினைல் ஆல்கஹால் தாளை மிதக்க விடுகிறார்கள். ஒரு கரைப்பானைத் தெளித்ததும் மை இளகுகிறது. அப்போது பாகத்தை மெல்லச் சாய்த்து அமிழ்த்தினால், வளைவு நெளிவுகளிலெல்லாம் சித்திரம் ஒட்டிக்கொள்கிறது. கழுவி உலர்த்தி, மினுமினுப்பில்லாத கிளியர் கோட் அடித்தால் வேலை முடிந்தது. மினுமினுப்பு வெயிலில் பளிச்சிட்டு மறைவைக் காட்டிக் கொடுத்துவிடும். உப்புக் காற்று வீசும் நம் கரையிலோ அடித்தளம் சுத்தமில்லாவிட்டால், மேற்பூச்சு எத்தனை அழகாயிருந்தாலும் உள்ளே துரு தின்றுவிடும்.

தொழில் நேர்த்தியானதுதான். ஆனால் சட்டம் ஒன்றுண்டு. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை நிறம் பூசலாகாது என்கிறது. வண்டியின் நிறம் பதிவுச் சான்றிதழிலும் குறிக்கப்பட்டிருப்பதால், அதை மாற்றுவோர் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். இது வெறும் கெடுபிடியல்ல. ராணுவ வண்டியைக் கண்டதும் ஜனங்கள் நம்பி வழிவிடுகிறார்கள்; அந்த நம்பிக்கை அந்த நிறத்தைச் சுமந்து எல்லையில் நிற்பவர்கள் சம்பாதித்தது. விளையாட்டுக்காக அதை நாம் இரவல் வாங்கலாமா?

மேலும், சிப்பாய்க்கு மறைவதில் உயிர் இருக்கிறது. நமக்கோ தெரிவதில் இருக்கிறது. இருட்டு வேளையில் எதிரே வரும் லாரிக்காரர் கண்ணில் நம் வண்டி பட்டாக வேண்டாமா? கடலில் செல்வோர் உயிர்காப்பு அங்கி ஆரஞ்சு நிறத்தில் இருப்பது தேடுவோர் கண்ணுக்கு எட்டத்தான். 2008-ம் வருஷத்து மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, மீன்பிடி படகுகளுக்கு மாநிலத்துக்கு ஒரு வர்ணம் என்ற ஏற்பாடு வந்ததும் அடையாளம் தெரிவதற்கே.

இவ்வளவையும் கேட்ட மாணவர், "அப்படியானால் என்ன வர்ணந்தான் பூசுவது, ஸார்?" என்றார் முகம் வாடி.

நாம் பதில் சொல்வதற்குள், அருகில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிர்ந்தார். "நல்லாப் பளிச்சுனு ஒண்ணைப் பூசுங்க, தம்பி. மணல்ல மாட்டிக்கிட்டா, நாங்க வந்து இழுக்கறதுக்காவது கண்ணுக்குத் தெரியணும் இல்லே!"