துப்பாக்கிக்கு ஒரு படுக்கை

மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "சார், எனக்கு இலக்கியமும் தெரியாது, சமயமும் தெரியாது. முப்பத்து நாலு வருஷம் துப்பாக்கிப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன்" என்று சொல்லிப் பார்த்தேன். "அதையே எழுதுங்க சார், வேற யாரு எழுதப் போறாங்க?" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆகவே, அறிஞர் பெருமக்களின் கட்டுரைகளுக்கு நடுவே ஒரு கைவேலைக்காரனின் கட்டுரை இது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது குற்றம். துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். எனவே நான் சொல்லப்போகும் வேலை நடந்தது இங்கே அல்ல, நியூசிலாந்தில். 2023-இல் கிறைஸ்ட்சர்ச் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் அறுபதை நெருங்கியவர். மலையேறி 'தார்' வேட்டையாடுகிறவர்.

தார் என்பது இமாலய வரையாடு. 1904-இல் இங்கிலாந்தின் பெட்போர்டு பிரபு அனுப்பிவைத்த சில ஆடுகளை மவுண்ட் குக் சிகரத்தின் அருகே அவிழ்த்துவிட்டார்கள். அவற்றைப் பிடித்துத் தின்ன அங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. ஆடுகள் பெருகி, மலைச்செடிகளை மேய்ந்து தீர்க்கத் தொடங்கின. அதனால் அவற்றைச் சுட்டுக் குறைப்பதை அந்நாட்டு அரசே செய்கிறது, வேட்டைக்காரர்களையும் செய்யச் சொல்கிறது. தாரையும் நம் நீலகிரி வரையாட்டையும் ஒரு காலத்தில் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். பிறகு மரபணு ஆய்வு இரண்டையும் பிரித்துவிட்டது. ஆனாலும் படத்தில் பார்த்தால் நமக்கு வரையாடுதான். தமிழ்நாட்டின் மாநில விலங்கை அங்கே சுடுகிறார்களே என்று முதலில் மனசு என்னவோ செய்தது.

அவர் தொழில் தெரிந்தவன் என்று கேள்விப்பட்டு என்னைத் தேடி வந்ததற்குக் காரணம், முந்தின குளிர்காலத்தில் நடந்த ஒரு சம்பவம். நாள் முழுக்க மழையில் ஏறி, இருநூறு மீட்டரில் ஒரு கிடாவைச் சுட்டிருக்கிறார். குறி தப்பி வயிற்றில் பட்டது. ஆடு பாறைச் சரிவில் இறங்கி மறைந்துவிட்டது. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. "அது சாக எத்தனை நாள் ஆனதோ" என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கீழே வந்து பலகையில் சுட்டுப் பார்த்தால், கோடையில் சரியாக இருந்த துப்பாக்கி நூறு மீட்டரிலேயே நாலு விரல் மேலே அடிக்கிறது. இருநூறில் அது எட்டு விரல் ஆகும்.

என் மகள், "ஏம்ப்பா, ஊர் பார்க்க வந்த இடத்துலயும் துப்பாக்கியா?" என்றாள். உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே இருக்க, அவருடைய கராஜில்தான் வேலை என்று சமாதானம் சொன்னேன்.

துப்பாக்கியின் குழலும், தோட்டா புகுந்து பூட்டிக்கொள்ளும் எஃகுப் பெட்டியும் சேர்ந்ததுதான் உண்மையில் துப்பாக்கி. அந்தப் பெட்டியை ரிசீவர் என்பார்கள். இந்த இரும்பைத் தோளோடும் கையோடும் சேர்ப்பது கட்டை. பெரும்பாலான வேட்டைத் துப்பாக்கிகளில் இரண்டே திருகாணிகள் ரிசீவரைக் கட்டையோடு பிடித்திருக்கும். ரிசீவரின் அடிவயிற்றில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு எஃகுத் துண்டு கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். 'லக்' என்று பெயர். சுடும்போது வருகிற பின்னுதைப்பு முழுவதையும் வாங்கிக் கட்டைக்குக் கொடுப்பது அதுதான்.

பழைய கட்டை அக்ரூட் மரம். அழகான மரம், கைக்கும் இதமானது. ஆனால் மரம் மரம்தான். ஐப்பசி அடைமழையில் ஊரில் நம் வீட்டுக் கதவு நிலையில் மாட்டிக்கொண்டு திறக்க மறுக்குமே, அதே கதைதான். நாரின் நீளவாட்டில் மரம் அசைவதே இல்லை எனலாம். குறுக்குவாட்டில்தான் ஈரம் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும், சில நேரம் முறுக்கிக்கொள்ளும். உப்பிய மரம் ஒரு பக்கமாகக் குழலைத் தொட்டால் போதும், குறி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர் 1966-இல் மரக்கட்டை போட்ட ரெமிங்டன் 700 துப்பாக்கியைக் குறிசுடுபவர்களுக்கென்று எடுத்து, எம்40 என்று பெயர் வைத்து வியட்நாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊர் மழையிலும் புழுக்கத்திலும் கட்டைகள் உப்பி வளைந்தன. 1970-களில் அதன் அடுத்த வடிவமான எம்40ஏ1 வந்தபோது மரம் போய், மெக்மில்லன் நிறுவனத்தின் ஃபைபர் கிளாஸ் கட்டை வந்தது. வேட்டைக்காரர்களும் அதே வழியில் போனார்கள். முதலில் கண்ணாடி நார், பிறகு கெவ்லார், கார்பன் நார். மேலே கெட்டியான நார் ஓடு, உள்ளே இலேசான நுரை.

நண்பர் வாங்கிவைத்திருந்தது கார்பன் நார்க் கட்டை. மரக்கட்டை ஒரு கிலோ இருநூறு கிராம், இது எழுநூறு. அரைக் கிலோ மிச்சம். ஆறு மணி நேரம் மலையேறுகிற அறுபது வயசுக்காரருக்கு அரைக் கிலோ சின்ன விஷயமில்லை. "பழையதைக் கழற்றி இதை மாட்டினால் தீர்ந்தது அல்லவா?" என்றார்.

தீராது. மேலே சொன்ன இரண்டு திருகாணிகளில்தான் சூட்சுமம்.

வீட்டில் அம்மிக்கல்லை எப்படிப் போடுவார்கள்? சமமாகத் தெரிகிற தரையில் அப்படியே வைத்தால் ஒரு மூலை ஆடும். கொத்தனார் கீழே சாந்தைக் கொட்டி, அதன்மேல் கல்லை இறக்கி அமிழ்த்துவார். கல்லின் மேடுபள்ளம் எதுவோ, அதுவே சாந்திலும் பதிந்துவிடும். பிறகு அம்மி ஆடாது. துப்பாக்கிக்குச் செய்வதும் இதே வேலைதான். ஆங்கிலத்தில் பெட்டிங் என்கிறார்கள். படுக்கை போடுவது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு வேறுபாடு. அம்மி பொருந்தாவிட்டால் ஆடும். துப்பாக்கி ஆடாது, திருகாணி அதை இழுத்துப் பிடித்துவிடும். பொருந்தாத பள்ளத்துக்குள் இழுக்கப்படும் ரிசீவர் வளையும். எஃகு வளையுமா என்றால் வளையும், தலைமுடி கனத்துக்கு. வளைந்த இரும்பு ஒவ்வொரு வெடிக்கும் சூடாகும், அதிரும், திரும்ப அமரும். ஆனால் அதே இடத்தில் அமராது. குண்டு குழலுக்குள் இருப்பது ஏறக்குறைய ஒரு மில்லி நொடி. அந்த நேரத்துக்குள் ஒவ்வொரு முறையும் துப்பாக்கி ஒரே மாதிரி நடந்துகொண்டால்தான் குண்டு ஒரே இடத்துக்குப் போகும்.

இதைக் கண்ணால் பார்க்க வழி உண்டு. கட்டையின் முன்நுனியில் ஒரு டயல் கேஜைப் பொருத்தி, அதன் முள்ளைக் குழலில் தொடவிட்டு, முன் திருகாணியைத் தளர்த்த வேண்டும். முள் அசையாவிட்டால் இரும்பு நிம்மதியாகப் படுத்திருக்கிறது. 0.05 மில்லிமீட்டருக்குள் அசைந்தாலும் பாதகமில்லை. புதுக் கட்டையை அப்படியே மாட்டிப் பார்த்தேன். முள் கால் மில்லிமீட்டர் ஓடியது. நண்பர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் கட்டை மோசம் என்று அர்த்தமில்லை. அந்த வகைத் துப்பாக்கி எல்லாவற்றுக்கும் சேர்த்து அச்சில் வார்த்தது அது. இரும்போ ஒவ்வொன்றும் மெருகு போடும்போது ஒவ்வொரு விதமாகத் தேய்ந்திருக்கும்.

நாங்கள் வேலை கற்ற காலத்தில் எப்பாக்ஸி எல்லாம் கிடையாது. பழைய .303 துப்பாக்கிக்குப் புது முன்கட்டை பொருத்தும்போது, இரும்பில் விளக்குக்கரியும் எண்ணெயும் தடவி மரத்தில் அழுத்தி எடுப்போம். கறுப்புப் பட்ட இடம் மேடு. அதை மட்டும் உளியால் சுரண்டுவோம். மறுபடி தடவு, மறுபடி அழுத்து. ஒரு கட்டைக்கு ஒரு நாள் போகும். இச்சாபூரில் செய்த அந்தத் துப்பாக்கிகளில், முன்கட்டை பிளக்காமல் இருக்கக் குறுக்கே ஒரு திருகாணி போட்டிருப்பார்கள். ஆஸ்திரேலியாவின் லித்கோவில் மரம் மென்மை என்று, உதை தாங்கும் இடத்தில் செப்புத் தகடு வைத்தார்கள். அந்தந்த ஊர் மரத்துக்கு அந்தந்த ஊர் வைத்தியம்.

எப்பாக்ஸி வந்த பிறகு வேலை சுலபமானது, விபத்தும் சுலபமானது. 1980-களில் ஒரு போட்டி வீரரின் துப்பாக்கிக்கு முதல் முறையாக எப்பாக்ஸிப் படுக்கை போட்டேன். இரும்பு முழுக்க மெழுகு தடவியவன், ஒரு சின்ன ஓட்டையைக் களிமண்ணால் அடைக்க மறந்தேன். பிசின் அதற்குள் புகுந்து ஆணி மாதிரி இறுகிவிட்டது. மறுநாள் துப்பாக்கி கட்டையை விட்டு வரவில்லை. சுத்தியலால் தட்டினால் கட்டை பிளக்கும். கடைசியில் ஒரு பெரியவர் யோசனை சொன்னார்: குளிர வை. இரும்பும் பிசினும் ஒரே அளவில் சுருங்குவதில்லை, அந்த வேறுபாட்டில் பிடி விடும் என்றார். வங்காளத்தில் குளிருக்குப் பஞ்சமா? மீன்கடைக்காரரின் பனிப்பெட்டியில், பிளாஸ்டிக் உறையில் சுற்றி, இலிஷ் மீன்களுக்கு நடுவே ஒரு ராத்திரி படுக்கவைத்தோம். உரிமம் வைத்திருந்த அந்த வீரர் விடியவிடியப் பெட்டிமேல் உட்கார்ந்து காவல் காத்தார். காலையில் நாலு தட்டு, கழன்று வந்தது. மீன்வாடை மட்டும் பல நாள் போகவில்லை.

அந்தப் பயம் இருந்ததால், கிறைஸ்ட்சர்ச்சில் முதல் பகல் முழுவதும் அடைப்பதிலும் மெழுகு தடவுவதிலுமே போனது. ஓட்டை, சந்து எல்லாவற்றிலும் களிமண். லக்கின் முன்முகம், இரு பக்கம், அடி ஆகிய நான்கிலும் ஒரு சுற்று டேப். பின்முகத்தில் மட்டும் கிடையாது. இது முக்கியம். லக் பின்முகத்தால் மட்டுமே கட்டையை முட்ட வேண்டும். மற்றப் பக்கங்களிலும் இறுகப் பிடித்தால் கழற்றி மாட்டும்போதெல்லாம் ஒவ்வொரு மாதிரி உட்காரும். குழலில் முன்பக்கம் டேப்பைச் சில சுற்றுச் சுற்றி, பள்ளத்தின் நடுவில் நிற்கும்படி செய்தேன்.

இலேசான கட்டையில் ஒரு தனிக் கவனம் வேண்டும். உள்ளே இருப்பது நுரை; அதன்மேல் திருகாணியை முறுக்கினால் நாளடைவில் அமுங்கும். அதனால் திருகாணி போகும் துளைகளில் அலுமினியக் குழாய்த் தூண்கள் வேண்டும். அப்போது இரும்பும் அலுமினியமும்தான் ஒன்றையொன்று இறுக்கும். இந்தக் கட்டையில் தூண்கள் பதித்தே வந்திருந்தன. தூண்களைத் தொடாமல், சுற்றியிருந்த பரப்பை மட்டும் ஒரு மில்லிமீட்டர் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, உலோகத்தூள் கலந்த எப்பாக்ஸியைப் பரப்பி, ரிசீவரை இறக்கினோம். திருகாணியை இந்தக் கட்டத்தில் முறுக்கவே கூடாது. முறுக்கினால் வளைந்த இரும்புக்கு வளைந்த படுக்கை கிடைக்கும். தன் கனத்திலேயே தூண்களின்மேல் உட்காரட்டும். பிதுங்கி வந்த பிசினை வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்தோம். மே மாதக் குளிரில் பிசின் இறுகாது என்று மகள் வீட்டு ஹீட்டர் கராஜுக்குப் போனது. அவள் சொன்னதை இங்கே எழுதவில்லை.

ஒன்றரை நாள் கழித்து எடுத்தோம். 'டக்' என்று ஒரு சத்தம், வந்துவிட்டது. படுக்கையில் ரிசீவரின் ஒவ்வொரு கோடும் பதிந்திருந்தது. டேப்பை உரித்து, சுத்தம் செய்து, கட்டை செய்தவர்கள் சொல்லியிருந்த 65 அங்குல-பவுண்டு அளவுக்கு, அதாவது ஏழு நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல், டார்க் ஸ்பானரால் முறுக்கினோம். டயல் முள் அசைந்தது தெரியவில்லை. குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து ரிசீவர் வரை தடையில்லாமல் இழுத்தோம்.

குழல் எதையும் தொடாமல் மிதக்க வேண்டும் என்பது வேதவாக்கு அல்ல. அமெரிக்காவில் மெல்வின் ஃபோர்ப்ஸ் என்பவர் 1980-களில் மிக இலேசான வேட்டைத் துப்பாக்கிகள் செய்தார். அவர் குழலை முழு நீளத்துக்கும் கட்டையில் படுக்கவைத்தார். அவருடைய கெவ்லார்-கார்பன் கட்டை விறைப்பானது, ஈரத்தால் மாறாதது, அதனால் செல்லுபடியானது. மரத்தில் அதைச் செய்தால் மழைக்காலத்தில் தெரியும்.

இன்னொரு விஷயம் தோளுக்கானது. அவருடைய .308 துப்பாக்கி, தொலைநோக்கியோடு, 3.6 கிலோவிலிருந்து 3.1 கிலோவுக்கு வந்தது. தோட்டா அதேதான். பின்னுதைப்பின் ஆற்றல் எடைக்கு எதிர்விகிதம். கணக்குப் போட்டால் சுமார் 20 ஜூலிலிருந்து 23 ஜூலுக்கு மேல் போகிறது. ஆறில் ஒரு பங்கு கூடுதல் உதை. தோளுக்கு மட்டுமல்ல, லக்குக்கும் படுக்கைக்கும் சேர்த்துத்தான். கனத்த கட்டையில் மறைந்துகிடக்கும் குறை இலேசான கட்டையில் வெளியே வந்துவிடும்.

அதோடு, கட்டை ஆளுக்குப் பொருந்த வேண்டும். கனத்த குளிர்க்கோட்டுப் போட்டுக்கொண்டு தூக்கினால் நீளம் இடிக்கும். பின்னாலிருந்த ரப்பர் மெத்தையை அரை அங்குலம் குறைத்தோம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்போது ரைஃபிள் கிளப்புகளில் பயிற்சி எடுக்கிறார்கள். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியது ஏர் ரைஃபிளில்தான். அதில் உதை பெயரளவுக்குத்தான். ஆனாலும் கட்டையின் நீளமும் உயரமும் உடம்புக்கு இசையாவிட்டால் புள்ளி வராது. பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பெற்றோர் விலையைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

சுட்டுப் பார்க்கும் நாள் வந்தது. மேஜையில் சாய்த்து மூன்று குண்டு. குழல் ஆறட்டும் என்று காத்திருந்து மறுபடி மூன்று. நூறு மீட்டரில் ஆறும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கின. நண்பருக்கு அது போதவில்லை. துப்பாக்கியைத் தோட்டத்துக் குழாயடியில் பிடித்து, தானும் பக்கத்திலேயே நின்று, அரை மணி நேரம் நனையவிட்டார். துடைத்துவிட்டு மறுநாள் மறுபடி சுட்டார். அதே தீப்பெட்டி. பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அடுத்த வாரம் மலைக்குப் போனார். மூன்று நாள் மூடுபனி. ஒரு குண்டுகூடச் சுடாமல் திரும்பினார். முதல் இருபது குண்டு முடிந்ததும் இரண்டு திருகாணிகளையும் மறுபடி அதே அளவுக்குப் பார்க்க வேண்டும், லக்கின் பின்னால் படுக்கையில் வெடிப்பு ஏதும் இருக்கிறதா என்று விளக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தச் சீட்டைக் கராஜ் சுவரில் ஒட்டியிருக்கிறாராம், மகள் சொன்னாள்.