கொம்பு ஓணானை வீட்டில் வளர்க்கலாமா?

வெளிநாடுகளிலிருந்து விடுமுறையில் கரவெட்டிக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் வரும் குடும்பங்கள் இப்போது கோவில் திருவிழாக்களோடு நின்றுவிடுவதில்லை. வல்லிபுர ஆழ்வாரையும் நல்லூரானையும் தரிசித்த கையோடு வானொன்றை அமர்த்திக்கொண்டு நுவரெலியாவுக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் போய்வருகிறார்கள். அவ்வாறு போய்வந்த ஒரு குடும்பத்தின் பன்னிரண்டு வயதுச் சிறுவன், மூக்கில் கொம்பு முளைத்த ஓணானொன்றைக் கண்டதாகவும், அதைக் கனடாவுக்குக் கொண்டுபோய் வளர்க்க முடியுமா என்றும் எம்மிடம் கேட்டான். அவனுடைய வீட்டில் ஏற்கெனவே அவுஸ்திரேலியத் தாடி ஓணான் ஒன்று கண்ணாடிப் பெட்டியில் வளர்கிறதாம். கேள்வி பிள்ளையுடையதாயினும் பெரியவர்களும் விடை அறிந்திருக்கவேண்டிய ஒன்று அது.

அவன் கண்டது செரட்டோஃபோரா என்னும் பேரினத்தைச் சேர்ந்த பிராணி. இப்பேரினம் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. ஹோர்ட்டன் சமவெளியிலும் நுவரெலியாக் காடுகளிலும் காணப்படுவது காண்டாமிருகத்தைப் போன்று கூரிய கொம்புடைய இனம். நக்கிள்ஸ் மலைத்தொடரில் வாழும் இனத்துக்கு மூக்கில் இலைபோன்ற தட்டையான சதைக்கொம்பு உண்டு. பிரித்தானியர் காலத்தில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட்டின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டுள்ளது. தாழ்நில ஈரவலயத்தில் சிறிய இனமொன்று வாழ்கிறது. சிங்கராஜ வனத்தின் கிழக்கு மலைப்பகுதியிலிருந்து மேலும் இரண்டு இனங்கள் 1998ஆம் ஆண்டிலும், சல்கல வனத்திலிருந்து ஆறாவது இனம் 2020ஆம் ஆண்டிலும் விஞ்ஞான உலகுக்கு அறிவிக்கப்பட்டன. இவற்றுட் சில, ஒரு மலைத்தொடரையோ ஒரு வனத்துண்டையோ மட்டும் நம்பி வாழ்பவை. அவ்விடத்தில் சில டசின் பிராணிகளைப் பிடித்தாலே இனம் ஆட்டங்கண்டுவிடும்.

மலைநாட்டு இனங்களின் வாழ்வு குளிர்ச்சியையும் முகிலின் ஈரத்தையும் நம்பியது. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை. யாழ்ப்பாணத்தில் அது 27 பாகையைத் தாண்டும். ஆதலால் வடமராட்சி வீடொன்றில் அப்பிராணி என்ன பாடுபடும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கனடாவின் குளிர் அதற்கு ஒத்துவரும் என்று எண்ணுவதும் தவறு. பனிக்காலத்தில் சூடாக்கப்பட்ட வீட்டின் வரண்ட காற்று முகில்காட்டின் ஈரக்காற்று அல்லவே. தாடி ஓணானின் கதை வேறு. சந்தையில் விற்கப்படும் தாடி ஓணான்கள் பல தலைமுறைகளாகக் கூட்டிலேயே பெருக்கப்பட்டவை. பெட்டி வாழ்வுக்குப் பழகியவை.

அமெரிக்காவின் கொம்புப் பல்லியும் இங்கு நினைவுக்கு வருகிறது. நமது ஓணானோடு அதற்கு நெருங்கிய உறவில்லை. கொம்பும் மூக்கிலன்றித் தலையிலேயே உள்ளது. எதிரி நெருங்கினால் கண்ணிலிருந்து இரத்தத்தைப் பீச்சியடிக்கும் இந்த வினோதப் பிராணியை ஒரு காலத்தில் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாகப் பிடித்து விற்றார்கள். அதன் முக்கிய உணவு எறும்பு, அதிலும் விதை சேர்க்கும் ஒருவகை எறும்பு. வாங்கியவர்கள் வேறு பூச்சிகளைக் கொடுத்துப் பார்த்தனர். பெரும்பாலானவை மெலிந்து செத்தன. டெக்சாஸ் மாநிலம் 1977இல் அதனை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிட்டது.

சட்டத்தைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமேயில்லை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் கொம்பு ஓணானைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் தடைசெய்கின்றன. இருந்தும் இவை ஐரோப்பியச் சந்தைகளில் விலைபேசப்பட்டன. அதனாலேயே அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கையின் உதவியை இலங்கை நாடியது. 2019 மே மாதம் கொழும்பில் நடைபெறவிருந்த அதன் மாநாடு, உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களையடுத்து ஓகஸ்டில் ஜெனீவாவில் கூடியது. கொம்பு ஓணான்களில் மூன்று இனங்கள் முதலாம் அட்டவணையிலும் இரண்டு இனங்கள் இரண்டாம் அட்டவணையிலும் சேர்க்கப்பட்டன. நம்மவர் சிலர் வீட்டு முற்றத்தில் விட்டு வளர்க்கும் நட்சத்திர ஆமையும் அதே மாநாட்டில் முதலாம் அட்டவணைக்கு உயர்த்தப்பட்டது என்பதைப் பலர் அறியார்.

'ஒன்றைக் கொண்டுபோனால் யார் காணப்போகிறார்கள்' என்று நினைப்போர், யால தேசிய பூங்காவில் பூச்சிகளைச் சேகரித்துப் பிடிபட்ட இத்தாலியர் இருவருக்கு 2024 செப்டெம்பரில் விதிக்கப்பட்ட அபராதத்தை அறிந்துகொள்வது நன்று: ஆறு கோடி ரூபா.

சட்டத்துக்கு அப்பாலும் ஒன்று உண்டு. ஒரு பூனையை அடைத்துவைத்து, உணவும் கொடாமல், தானாக இரைதேடவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை முஸ்லிம் வாசகர்கள் அறிவர். கொல்லாமையைப் போதிக்கும் சைவ ஊரில் பிறந்த நாமோ, ஈர்க்கில் சுருக்கிட்டு வேலி ஓணானைப் பிடித்தவர்கள். இக்கட்டுரையாளரும் விதிவிலக்கல்லர்.

தாடி ஓணானைப் போன்று சட்டபூர்வமாக வாங்கக்கூடிய ஊர்வனவாயினும் பெற்றோர் சிலவற்றை யோசிக்கவேண்டும். நாய் பூனைபோல் அது மடியில் வந்து படுக்காது. அதற்கென வெப்பவிளக்கும் புறஊதா விளக்கும் உயிருள்ள இரையும் ஆண்டுக்கணக்கில் வேண்டும். ஊர்வனவற்றின் உடலில் சல்மனெல்லாக் கிருமி இருப்பது சாதாரணம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் அவற்றைத் தவிர்க்குமாறு வைத்தியர்கள் கூறுகின்றனர்.

அச்சிறுவனை வளவுக்கு அழைத்துச் சென்று, இனப்பெருக்க காலத்தில் தொண்டை சிவந்து தலையாட்டும் நம்மூர் ஆண் ஓணானைக் காட்டினோம். கிளுவை வேலிகள் இருந்த இடமெல்லாம் வெளிநாட்டுக் காசில் மதில்கள் எழுந்துவிட்டதால் அதைத் தேடுவதற்கும் அரைமணி நேரம் பிடித்தது. கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த முறை நக்கிள்ஸுக்குப் போகவேண்டும் என்றான்.