2,500 டாலரில் தொடங்கிய ‘ஹூப் ட்ரீம்ஸ்’: 60 வருடங்களாக ஆவணப்படம் மட்டுமே எடுக்கும் ஒரு நிறுவனம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

பில் கட்டாததால் அந்த வீட்டில் கரண்டை நிறுத்திவிட்டார்கள். சிகாகோவின் மேற்குப் பகுதியில், ஒரு குடும்பம் இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதை ஒரு படக்குழு பதிவு செய்துகொண்டிருக்கிறது.

படம் பார்க்கும் யாருக்கும் வருகிற கேள்விதான் இது: இத்தனை நாளாகப் பழகுகிறீர்களே, அந்த பில்லை நீங்களே கட்டிவிடக் கூடாதா?

கட்டினார்கள். காட்சியை எடுத்த பிறகு, கரண்ட் திரும்பி வருவதற்குப் பணம் கொடுத்து உதவியதாக இயக்குநர் ஸ்டீவ் ஜேம்ஸ் பின்னாளில் சொன்னார். அந்தத் தகவல் படத்தில் இல்லை.

அந்தப் படம் 1994-ல் வெளியான ‘ஹூப் ட்ரீம்ஸ்’. உலகின் மிகச் சிறந்த ஆவணப்படங்களின் பட்டியல் எதை எடுத்தாலும் அதில் இருக்கும் பெயர். அதைத் தயாரித்தது சிகாகோவைச் சேர்ந்த கார்டெம்குவின் ஃபிலிம்ஸ். ஸ்டார் இல்லை, பாட்டு இல்லை, பெரிய முதலாளியும் இல்லை. இப்படி ஒரு நிறுவனம் எப்படி ஓடுகிறது? இதுபோன்ற படங்களுக்குக் கை கொடுத்த அமெரிக்க அரசு நிதி 2025-ல் நிறுத்தப்பட்ட நிலையில், இனி என்ன ஆகும்?

யார் இந்த கார்டெம்குவின்?

ஸ்டான் கார்ட்டர், ஜெர்ரி டெமனர், கோர்டன் குவின். சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்த இந்த மூவரின் பெயர்களிலிருந்து ஆளுக்கொரு துண்டு எடுத்துச் சேர்த்ததுதான் ‘கார்-டெம்-குவின்’. தொடங்கிய ஆண்டு 1966.

முதல் படம் ‘ஹோம் ஃபார் லைஃப்’, முதியோர் இல்லத்தில் புதிதாகச் சேரும் இருவரைப் பற்றியது. அடுத்து 1968-ல் ‘இன்க்வயரிங் நன்ஸ்’. இரண்டு கன்னியாஸ்திரிகள் சிகாகோ தெருக்களில் நடந்து, எதிர்ப்படுபவர்களிடம் “நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா?” என்று கேட்கிறார்கள். படம் மொத்தமும் அவ்வளவுதான். பின்னாளில் உலகப்புகழ் பெற்ற இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ் முதன்முதலில் இசையமைத்த படம் இது.

1970-களில் இந்த இடம் ஒரு கூட்டுக்குழுவாக மாறியது. தொழிலாளர்கள், பெண்கள் உரிமைக்காகப் போராடியவர்கள், சினிமா கற்க வந்த இளைஞர்கள் எல்லோரும் சேர்ந்து படம் எடுத்தார்கள். ஏழைப் பெண்களுக்கு வீட்டுக்கே போய்ப் பிரசவம் பார்த்த ஒரு மையம் மூடப்பட்ட கதையைச் சொல்லும் ‘தி சிகாகோ மெட்டர்னிட்டி சென்டர் ஸ்டோரி’ 1976-ல் வந்தது. ‘சாதாரண மக்களின் வாழ்க்கையை, அவர்களோடு நீண்ட நாள் இருந்து எடுப்பது’ என்ற பாணி அப்போதே உருவாகிவிட்டது.

அரை மணி நேரப் படம் எப்படி இத்தனை வருடம் இழுத்தது?

ஸ்டீவ் ஜேம்ஸ், ஃப்ரெடரிக் மார்க்ஸ், பீட்டர் கில்பர்ட் ஆகிய மூவரும் சேர்ந்து முதலில் திட்டமிட்டது, தெருவோரக் கூடைப்பந்து பற்றி பொதுத் தொலைக்காட்சிக்கு ஒரு 30 நிமிடப் படம்.

அவர்கள் சந்தித்தவர்கள் ஆர்தர் ஏஜி, வில்லியம் கேட்ஸ் என்ற இரண்டு கறுப்பினச் சிறுவர்கள். இருவருக்கும் 14 வயது. புறநகரில் உள்ள செயின்ட் ஜோசப் என்ற தனியார் பள்ளி, கூடைப்பந்துத் திறமைக்காக இருவரையும் சேர்த்துக்கொள்கிறது. என்பிஏ நட்சத்திரம் ஐசையா தாமஸ் படித்த பள்ளி அது. பள்ளிக்குப் போய்த் திரும்பவே தினமும் மூன்று மணி நேரம் ஆகும்.

இங்கேதான் படம் திசை மாறுகிறது. எதிர்பார்த்த அளவுக்கு ஆர்தர் விளையாடவில்லை. கட்டண பாக்கி ஏறுகிறது. இரண்டாம் ஆண்டின் நடுவில் அவர் வெளியேற நேர்கிறது. ஆனால், கேமரா அவரை விட்டுப் போகவில்லை. அவர் சேர்ந்த மார்ஷல் என்ற அரசுப் பள்ளிக்கும் பின்னாலேயே போனது. நட்சத்திரமாக வருவார் என்று எல்லோரும் நம்பிய வில்லியமுக்கு முழங்காலில் காயம். கைவிடப்பட்ட ஆர்தரின் பள்ளி அணியோ 1991-ல் மாநில அளவில் மூன்றாம் இடம் பிடித்தது. யாராலும் எழுதியிருக்க முடியாத திரைக்கதை!

கடைசியில் கையில் இருந்தது சுமார் 250 மணி நேர ஃபுட்டேஜ். ஃபிலிம் ரோலில் எடுத்திருந்தால் அந்தச் செலவை இவர்களால் தாங்கியிருக்கவே முடியாது. பீட்டாகாம் வீடியோவில் எடுத்ததால்தான் இது சாத்தியமானது. அதை மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்க, எடிட்டிங்குக்கே மேலும் சில வருடங்கள் பிடித்தன.

சரி, காசு எங்கிருந்து வந்தது?

சுயாதீன ஆவணப்பட நிறுவனங்கள் இயங்கும் விதத்தைப் புரிந்துகொள்ள இதுதான் முக்கியமான இடம். வணிக சினிமாவில் பைனான்சியர் முதலில் பணம் போடுவார், பிறகு படப்பிடிப்பு. இங்கே பெரும்பாலும் தலைகீழ். கொஞ்சம் எடுப்பார்கள், எடுத்ததைக் காட்டி மானியம் கேட்பார்கள், கிடைத்ததை வைத்து மேலும் கொஞ்சம் எடுப்பார்கள்.

‘ஹூப் ட்ரீம்ஸ்’ படத்துக்கு முதலில் கிடைத்தது இல்லினாய் கலைக் கவுன்சில் கொடுத்த 2,500 டாலர். அதை வைத்துக்கொண்டு, வேறு வேலைகளும் பார்த்துக்கொண்டுதான் மூவரும் படத்தை நகர்த்தினார்கள். பிறகு மின்னசோட்டாவின் பொதுத் தொலைக்காட்சி நிலையமான கேடிசிஏ இணைத் தயாரிப்பாளராக வந்தது. அதன் பிறகு பொது ஒளிபரப்புக் கழகமான சிபிபி-யின் நிதி. பெரிய தொகை என்றால் மெக்ஆர்தர் அறக்கட்டளை கொடுத்த 2,50,000 டாலர். அது கிடைத்தபோது படப்பிடிப்பு தொடங்கிப் பல வருடங்கள் ஓடியிருந்தன.

எதிர்பாராத செலவுகளும் உண்டு. ஆர்தரின் 18-வது பிறந்தநாளில் குடும்பமே சேர்ந்து ‘ஹேப்பி பர்த்டே’ பாடுகிறது. அப்போது அந்தப் பாட்டுக்கு ஒரு இசை நிறுவனம் உரிமை கோரி வந்ததால், வீட்டில் பாடிய பாட்டுக்கும் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. (அந்த உரிமை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது 2015-ல்தான்.) ஆவணப்படக்காரர்கள் எதையெல்லாம் அனுமதி இல்லாமல் நியாயமாகப் பயன்படுத்தலாம் என்று 2005-ல் வகுக்கப்பட்ட நெறிமுறைகளுக்காக கோர்டன் குவின் உழைத்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட அனுபவங்கள் இருக்கின்றன.

ஆஸ்கரில் என்ன நடந்தது?

1994 சண்டான்ஸ் விழாவில் பார்வையாளர் விருது. விநியோகஸ்தர் கிடைப்பதற்கு முன்பே விமர்சகர்கள் ரோஜர் ஈபர்ட்டும் ஜீன் சிஸ்கலும் தங்கள் டிவி நிகழ்ச்சியில் படத்தைக் கொண்டாடிவிட்டார்கள். தியேட்டரில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 78 லட்சம் டாலர் வசூல். ஆவணப்படத்துக்கு அன்றைக்கு அது மிகப்பெரிய தொகை.

ஆனால், சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் பெயரே இல்லை. எடிட்டிங் பிரிவில் மட்டும் ஒரு பரிந்துரை.

அப்போதைய தேர்வு முறை விசித்திரமானது. குழு உறுப்பினர்கள் கையில் சிறிய டார்ச் லைட் இருக்கும். ‘இது போதும்’ என்று நினைப்பவர் அதை எரியவிடுவார். போதுமான டார்ச்கள் எரிந்தால் படத்தை நிறுத்திவிடுவார்கள். ‘ஹூப் ட்ரீம்ஸ்’ அப்படித்தான் பாதியில் நிறுத்தப்பட்டதாக ஈபர்ட் வெளிப்படையாகச் சாடினார். எழுந்த கண்டனத்தால் தேர்வு விதிகள் மாற்றப்பட்டன. 2001-ல் ஆஸ்கர் அகாடமியில் ஆவணப்படக்காரர்களுக்கென்றே தனிப் பிரிவு வந்தது.

வந்த பணம் யாருக்கு?

படத்தில் ஒரு காட்சி. மாதம் 268 டாலர் அரசு உதவியில் குடும்பம் நடத்தும் ஆர்தரின் அம்மா ஷீலா, நாங்கள் எப்படிப் பிழைக்கிறோம் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா என்று கேமராவைப் பார்த்தே கேட்கிறார். கேள்வி பார்வையாளருக்கு மட்டுமல்ல, எதிரில் நிற்கும் படக்குழுவுக்கும்தான்.

ஆவணப்படத்தில் வருபவர்களுக்குப் பணம் கொடுக்கலாமா என்பது பழைய விவாதம். கொடுத்தால், காசுக்காகப் பேசினார்கள் என்று ஆகிவிடும். கொடுக்காவிட்டால், அவர்கள் கஷ்டத்தை வைத்து மற்றவர்கள் பேர் வாங்கியதாக ஆகிவிடும். இந்தப் படத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அன்றைய கல்லூரி விளையாட்டு விதிகளின்படி பணம் வாங்கினால் ஆர்தர், வில்லியம் இருவருமே ஆடும் தகுதியை இழக்க நேரிடும்.

கடைசியில் லாபம் வந்தபோது இரண்டு குடும்பங்களுக்கும் பங்கு கொடுக்கப்பட்டது. படத்தில் பேசிய மற்றவர்களுக்கும் தொகை பிரித்துக் கொடுத்ததாகப் படக்குழு சொல்லியிருக்கிறது. படத்தை முடிப்பதற்கு முன் அதில் வருபவர்களுக்குக் காட்டிவிடுவது கார்டெம்குவினின் நீண்டகாலப் பழக்கம். ‘இதை வெட்டு’ என்று உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனால், அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டாக வேண்டும்.

ஆர்தர், வில்லியம் இருவருமே என்பிஏ-வுக்குப் போகவில்லை. கல்லூரிக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு?

‘ஹூப் ட்ரீம்ஸ்’ வெற்றி பெற்ற பிறகும் கார்டெம்குவின் ஸ்டுடியோவாக மாறவில்லை. லாப நோக்கமற்ற அமைப்பாகவே தொடர்கிறது. 2004-ல் ‘தி நியூ அமெரிக்கன்ஸ்’ என்ற டிவி தொடரை எடுத்தார்கள். அமெரிக்காவில் குடியேறும் குடும்பங்களைச் சொந்த ஊரிலிருந்தே பின்தொடர்ந்த அந்தத் தொடரில், இந்தியாவிலிருந்து சிலிக்கான் வேலிக்குப் போய், டாட்காம் சரிவில் மாட்டிக்கொண்ட ஒரு ஐடி தம்பதியும் உண்டு.

2008 பொருளாதார நெருக்கடி தொடர்பாக வழக்கைச் சந்தித்த ஒரு சின்னக் குடும்ப வங்கியின் கதையான ‘அபாகஸ்’, ஸ்கேட்போர்டு நண்பர்கள் மூவரைப் பற்றி பிங் லியு இயக்கிய ‘மைண்டிங் தி கேப்’ இரண்டும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றன. லியு இங்கே வெளியாள் அல்ல, கார்டெம்குவினின் பயிற்சித் திட்டத்தில் வந்தவர். அவர் படத்தில் இருப்பது சுமார் 12 வருடக் காட்சிகள்.

இப்போது என்ன சிக்கல்?

அமெரிக்காவின் பிபிஎஸ், நம்ம ஊர் தூர்தர்ஷன் போல அரசே நடத்தும் சேனல் அல்ல. அது உள்ளூர் நிலையங்களின் வலைப்பின்னல். அரசுப் பணத்தை வாங்கி நிலையங்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் பிரித்துக் கொடுப்பது சிபிபி-யின் வேலையாக இருந்தது. சுயாதீனப் படைப்பாளிகள் போராடியதால், அவர்களுக்கென்று ஐடிவிஎஸ் என்ற தனி அமைப்பை உருவாக்க 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றம் உத்தரவிட்டது. அதற்கும் முக்கியமான நிதி இந்த வழியில்தான் வந்தது.

பணம் மட்டுமல்ல, ஒளிபரப்பு நேரமும் போராடிப் பெற்றதுதான். 2012-ல் சுயாதீன ஆவணப்படங்களை நிலையங்கள் தவிர்க்கக்கூடிய நேரத்துக்கு பிபிஎஸ் மாற்றியபோது, கார்டெம்குவின் முன்னின்று ஒரு திறந்த மடல் எழுதியது. நூற்றுக்கணக்கானோர் கையெழுத்திட, பிபிஎஸ் இறங்கிவந்து நேரத்தை மாற்றியது.

2025 ஜூலையில் சிபிபி-க்கு இரண்டு ஆண்டுகளுக்கென ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் ரத்து செய்தது. அடுத்த மாதமே, நிறுவனத்தை மூடும் வேலையைத் தொடங்குவதாக சிபிபி அறிவித்தது.

‘அதான் ஓடிடி இருக்கே’ என்று தோன்றலாம். ‘மைண்டிங் தி கேப்’ படத்தைப் பெரும்பாலானோர் பார்த்ததும் ஹுலுவில்தான். ஆனால், ஓடிடி தளங்கள் பொதுவாக விரும்புவது முடிந்த படத்தை, அல்லது முடிவு தெரிந்த கதையை. பெயர் பெற்ற குற்ற வழக்கு, புகழ்பெற்ற விளையாட்டு வீரர் என்றால் பணம் எளிதாகக் கிடைக்கும்.

ஆர்தர் ஏஜி செயின்ட் ஜோசப் பள்ளியிலிருந்து வெளியேறிய நாளில், அவர் கதை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. அவர் நட்சத்திரம் இல்லை. படம் முடியும் தேதியும் இல்லை. அந்த நாளில் கேமராவை அணைக்காமல் இருப்பதற்குத்தான் அந்தச் சின்னச் சின்ன மானியங்கள் தேவைப்பட்டன.