புல் கைவிட்ட இடத்தில் பாசி

ஆடி மாதத்தில் ஊட்டிப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட சில வாரங்களில் வீட்டு முன் லானில் புல் மங்கி, பாசி மெத்தையாகப் பரவிவிடும். காலை வைத்தால் புதையும். உடனே தோட்டக்காரரை அழைத்துச் சுண்ணாம்பைக் கொட்டச் சொல்வது அங்கே பழக்கம். பாவம், சுண்ணாம்பு!

பாசியைச் சுண்ணாம்பு கொல்வதில்லை. சிமென்ட் மதிலிலும் சுண்ணாம்புக் காரையிலும் சுகமாக வளர்கிற பாசிகள் எத்தனையோ உண்டு. தேயிலை விளையும் நீலகிரி மண் இயல்பிலேயே அமிலத்தன்மை மிகுந்தது. அளவோடு டோலமைட்டோ சுண்ணாம்போ இட்டால் அந்தப் புளிப்பு தணிந்து புல்லுக்குத் தெம்பு வரும். பலன் அவ்வளவுதான். அதையும் மண் பரிசோதனை செய்து பார்த்த பிறகே இடவேண்டும்.

பாசிக்கு வேர் கிடையாது. பிடித்துக்கொள்ள மெல்லிய இழைகள் மட்டுமே. தண்ணீரை உடம்பாலேயே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் சத்தில்லாத மண்ணும், இறுகிப்போன தரையும் அதற்கு ஒரு பொருட்டில்லை. கோடையில் காய்ந்து சருகாகிக் கிடந்தாலும் ஒரு மழையில் மீண்டும் பச்சை பிடிக்கும். பிய்த்தெறிந்தால் உதிர்ந்த துணுக்குகளிலிருந்தே கிளம்பிவிடும். ஆனால் செழித்த புல்லோடு போட்டியிட அதற்குத் திராணி இல்லை. குடித்தனக்காரர் காலி செய்த வீட்டில் வந்து தங்கியதுதான் பாசி. அதைத் திட்டுவதை விட்டு, புல் ஏன் காலி செய்தது என்று விசாரிப்பதே புத்திசாலித்தனம்.

மலையில் பெரும்பாலும் போடுவது கிக்குயூ புல். கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்துப் பயிர். வெயில் பட்டால் வெறியோடு ஓடும், நிழலில் சோர்ந்துவிடும். சைப்ரஸ் மரத்தடியிலும் வீட்டின் வடபக்கத்திலும் அதை நட்டுவிட்டுப் பாசியை நொந்து பயனில்லை. கார் நிறுத்தி இறுகிய இடம், தண்ணீர் வடியாத பள்ளம் இரண்டும் அடுத்த காரணங்கள். கம்பளம் போல இருக்கவேண்டும் என்று ஒட்ட ஒட்ட வெட்டுவது இன்னொன்று. நான் பார்த்தவரை பாதி லான்கள் கெடுவது இந்த ஆசையால்தான். மழைக்காலத்தில் புல் நான்கு சென்டிமீட்டருக்குக் குறையாமல் நிற்கட்டும்.

பாசியைக் கொல்ல உரக்கடையில் கிடைக்கும் அன்னபேதி உப்பு போதும். சதுர மீட்டருக்குச் சுமார் 20 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பூவாளியால் தெளிக்கலாம். சில நாட்களில் பாசி கறுத்துவிடும்; இரும்புச் சத்து கிடைப்பதால் புல்லின் பச்சையும் அடர்த்தியாகும். கறுத்த பிறகு வாருங்கள். உயிரோடு வாரினால் நீங்களே பரப்பியதாகும். சுண்ணாம்பையும் அன்னபேதியையும் ஒரே நேரத்தில் போடக்கூடாது. ஒன்று கூட்டும் புளிப்பை மற்றது குறைக்கும்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான். ஃபோர்க்கைச் சிறு இடைவெளிகளில் பத்து சென்டிமீட்டர் ஆழம் இறக்கி அசைத்துத் துளையிட்டு, ஆற்று மணலும் சலித்த மட்கு உரமும் கலந்து அந்தத் துளைகளில் தள்ளவேண்டும். மரக்கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடவேண்டும். வழுக்கையான இடத்தில் புல் துண்டுகளை நடவேண்டும். இதற்குக் கோடைமழை பெய்யும் ஏப்ரல், மே மாதங்கள் தோது. மார்கழி உறைபனியில் கிக்குயூ தானே பழுத்துக் கிடக்கும்.

எவ்வளவு செய்தும் புல் வராத மூலை ஒன்று இருக்கும். அதைப் பாசிக்கே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. ஜப்பானின் கியோட்டோவில் உள்ள சைஹோஜி கோயிலை 1339-ல் முசோ சோசெக்கி என்ற ஜென் துறவி புதுப்பித்துத் தோட்டம் அமைத்தார். இன்று அதற்குப் பெயர் வாங்கித் தந்திருக்கும் பாசியை அவர் நடவில்லை. பின்னாளில் பராமரிப்பு இல்லாமல் கிடந்த காலத்தில், அந்த ஈரத்தில் தானாகப் பரவியது அது. இப்போது சுமார் 120 வகை. முன்பதிவு செய்துகொண்டு போய்ப் பார்க்கிறார்கள்.

படிக்கட்டுக்கும் நடைபாதைக்கும் மட்டும் இந்தத் தாட்சண்யம் கூடாது. வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். அங்கே அன்னபேதியும் வேண்டாம், சிமென்டில் துருக்கறை படிந்தால் போகாது. கம்பி பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டு, தண்ணீர் அங்கே எங்கிருந்து கசிகிறது என்று பாருங்கள்.